இயல் 5: ‘கண்’ என்ற சொல்லைத் தொகுப்பது எப்படி?

ஊர்ச்சொல் தொகுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடி ஓடுவது அரிய சொற்களைத்தான். அகராதியில் இல்லாத சொல், எண்பது வயதுக்காரருக்கு மட்டும் தெரிந்த சொல், கேட்டதும் பேஸ்புக்கில் போடத் தோன்றுகிற சொல். அந்த ஆசை இருக்கட்டும். புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலப் பிரிவுகளான வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வேலை தொடங்குகிறவர்களுக்கு நான் வேறு வழி சொல்கிறேன். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது வயலில் என்ன பொருளில் வருகிறது, தோப்பில் என்ன, கடற்கரையில் என்ன, அடுப்படியில் என்ன, சாவு வீட்டில் என்ன என்று அதன் பின்னாலேயே போங்கள். அரிய சொல் ஒரு வரியோடு முடிந்துவிடும். பொதுச்சொல் ஒரு நோட்டையே நிரப்பிவிடும்.

இந்த இயலுக்கு எடுத்துக்கொண்டிருப்பது ‘கண்’. பேச்சில் ‘கண்ணு’.

போவதற்கு முன்

வட்டாரச் சொல்லகராதி என்ற வேலைக்குத் தமிழில் நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. கரிசல்காட்டுக்காரரான அவர், பல்கலைக்கழக வேலைக்காகப் புதுச்சேரிக்கு வந்து இங்கேயே தங்கி, 2021 மே மாதம் இங்கேயே காலமானார். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல் வெளியானது. நமக்கு மிகவும் நெருங்கிய நூல் கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி (2007). அவர் விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர். பாகூர்ப் பேச்சுக்கும் அவர் பதிவு செய்த பேச்சுக்கும் உறவு அதிகம்.

மூன்றையும் படியுங்கள். ஊருக்குள் போகும்போது மட்டும் பையில் எடுத்துப் போகாதீர்கள். படித்த சொல் காதில் ஒட்டிக்கொண்டு, ஊரார் சொல்லாததையும் சொன்னதாக எழுத வைத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு: கரிசலில் ஏரிக்குப் பெயர் கம்மாய், அதாவது கண்மாய். கண்ணும் வாயும் சேர்ந்த சொல் என்று அதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட சொல்லுக்கு அல்வா மாதிரியான சான்று. ஆனால் பாகூரில் ஏரி ஏரிதான். அங்கே கண்மாய்க்கு வேலை இல்லை, நம் தொகுப்பிலும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. அதில் ‘கண்’ பகுதியை ஒரு முறை பார்த்துவைப்பது நல்லது. பார்க்கும் உறுப்பு, துளை, மயில்தோகையின் கண், முலைக்கண், மூங்கிலின் கணு, முரசில் அடி விழும் இடம் என்று அது அடுக்கிக்கொண்டே போகும். அந்தப் பட்டியலைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘மூங்கில்ல கண்ணுன்னு சொல்லுவீங்களா தாத்தா?’ என்று கேட்டால், வந்த பிள்ளையின் மனசு நோகக்கூடாது என்று தாத்தா ‘சொல்லுவோம், சொல்லுவோம்’ என்று தலையாட்டிவிடுவார். கிராமத்து மரியாதை தொகுப்பாளருக்குப் பெரிய இடைஞ்சல். பொருளைக் காட்டுங்கள், அல்லது அது கெட்டுப்போனால் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். பெயரை நீங்கள் உச்சரிக்கவே வேண்டாம்.

ஏரிக்கரை

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவருகிறது. ஊசுட்டேரிக்கு வீடூர் அணைத் தண்ணீரைக் கொண்டுவருவது சுத்துக்கேணி வாய்க்கால். ‘கண்’ணை இங்கே தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் ஏரிப்பாசனக்காரருக்குக் கண் என்பது தினசரி வேலையில் புழங்குகிற ஒரு பொருள். மதகில் தண்ணீர் வெளியேறுகிற ஒவ்வொரு திறப்பும் ஒரு கண்.

இந்த வழக்கு பரவலானது. மேட்டூர் அணையில் உபரிநீர் போகிற 16 கண் மதகைச் செய்தித்தாள் படிக்கிற எல்லாரும் அறிவார்கள். கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையில் 1904 காலத்துப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே பதிமூன்று கண் பாலம். மலையாளிகள் அதைக் கண்ணறை என்கிறார்கள். வில்லியனூர் கொம்யூனுக்குள்ளேயே பத்துக்கண்ணு இருக்கிறது. வில்லியனூர்–பத்துக்கண்ணு சாலையில் தினமும் போகிறவர்கள் பலருக்கு அது வெறும் நிறுத்தத்தின் பெயர். அங்கே போய் எந்தப் பத்துக் கண் என்று விசாரியுங்கள். பேரன், அப்பா, தாத்தா மூவரிடமும் தனித்தனியாக விசாரியுங்கள். மூன்று பதில் வந்தால் மூன்றையும் அவரவர் பேரில் எழுதுங்கள். பிறகு பழைய நில அளவை வரைபடத்தோடும் பொதுப்பணித் துறை ஆவணங்களோடும் ஒப்பிடலாம். ஊர்ப்பெயர் நமக்குத் தருகிற சாட்சியம் ஒன்றுதான்: திறப்பைக் கண் என்று எண்ணும் வழக்கம் இங்கே ஊர்ப்பெயராகிவிடுகிற அளவுக்குப் பழகியது. அதற்கு மேல் அந்தப் பெயரை வைத்து வரலாறு கட்டக்கூடாது.

எப்போது போவது என்பதும் முக்கியம். சித்திரை வெயிலில் காய்ந்த மதகைக் காட்டிக் கேட்டால் ‘மதகு’ என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஓடும்போது போனால் நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டிச் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். மடை, மதகு, கண், கலங்கல், உடைப்பு என்று ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய வினையோடும் வசவோடும் வந்து விழும். ஆனால் வீட்டுக்குள் சேறு இருக்கும்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது ‘சாப்டீங்களா’ என்பதுதான்.

ஏரிக்கரையில் கிடைக்கும் ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். கல்லூரி மாணவி ஒருத்தி, தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவரிடம் ‘இந்தப் பக்கம் மட்டும் ஏன் தாத்தா தண்ணி கம்மியா வருது?’ என்று கேட்டால் இப்படி ஒரு பதில் வரலாம்:

‘மூணாவது கண்ணு அடச்சிக்கிச்சி கண்ணு.’

முதல் கண்ணு மதகின் திறப்பு. இரண்டாவது, கேட்ட பெண்ணை அவர் அழைத்த செல்லச் சொல். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொருள், இரண்டும் உடம்புக் கண்ணிலிருந்து புறப்பட்டவை. ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது இந்த இரண்டாவது கண்ணை ‘தேவையற்றது’ என்று வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெட்டாதீர்கள். யார் யாரைக் கண்ணு என்று அழைக்கிறார் என்பதே தனிப்பதிவு. பெரியவர் சிறியவரை அழைப்பார், ஆயா பேரனை அழைப்பாள். பேரன் ஆயாவை அப்படி அழைக்கமாட்டான்.

தோப்பும் கடலும்

தேங்காய்க்கு மூன்று கண். உரித்த தேங்காயின் தலைப்பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள், சிவனுக்கு ஆன கதையும் சேர்ந்து வரும். அதில் ஒன்றுதான் மெதுவானது, விரலால் அழுத்தினாலே தெரியும். முளை வெளியே வருவது அந்த வழியாகத்தான். தென்னை வைத்திருப்பவர் இதை எப்படிச் சொல்வார்? ‘மூணு கண்ணுல ஒரு கண்ணுலதான் கண்ணு வரும்.’

கடைசியாக வருகிற கண்ணு, கண் கிடையாது. அது கன்று. தென்னங்கன்று, வாழைக்கன்று, கன்றுக்குட்டி எல்லாம் பேச்சில் கன்னு ஆகி, பலர் வாயில் கண்ணு என்றே ஒலிக்கின்றன. தென்னங்கண்ணு, வாழக்கண்ணு, கண்ணுக்குட்டி. காதை மட்டும் நம்பினால் ‘கண் என்பதற்கு இளஞ்செடி என்றும் இப்பகுதியில் பொருளுண்டு’ என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதினால் அது அகராதிக்குள் நாமே நட்ட களை. கன்று தனித் தலைச்சொல். ஒலி ஒன்றாகிவிட்டது என்பதைக் குறிப்பாகப் போடலாம், போடவும் வேண்டும், ஏனென்றால் அது இந்த வட்டாரத்தின் ஒலி பற்றிய நல்ல செய்தி.

பாகூர் கொம்யூன் வயலோடு நின்றுவிடுவதில்லை. நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் என்று கடலோர ஊர்களும் அதில் உண்டு. அங்கே வலை சரிசெய்துகொண்டிருப்பவரிடம் உட்காருங்கள். வலையின் ஒவ்வொரு சதுரமும் கண், சிலர் கண்ணி என்பார்கள். எந்த மீனுக்கு எந்தக் கண் என்று கேட்டு, கண்ணுக்குள் விரலை விட்டுக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அளவைச் சென்டிமீட்டரில் நீங்கள் பின்னால் குறித்துக்கொள்ளலாம். அவர் எந்த அலகில் சொன்னாரோ அதுதான் பதிவில் முதலில் வரவேண்டும். கண்ணி என்ற சொல் சங்கிலியின் வளையம், பறவை பிடிக்கும் சுருக்கு என்று வேறு திசையிலும் போகும். அதைத் தனித் தலைச்சொல்லாக வைத்து, ‘கண் காண்க’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அடுப்படிக்கு அதிக நேரம் வேண்டாம். சல்லடைக்குக் கண் உண்டு, முறுக்கு அச்சுக்கு உண்டு. ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும்.

எது நேர்ப்பொருள், எது ஆகுபொருள்?

பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது: முதலில் உண்மைப் பொருள், பிறகு உவமையால் வந்த பொருள். தொகுக்கும்போது இந்த வரிசையை அவசரப்பட்டுப் போடாதீர்கள். மதகுக் கண்ணைத் தினமும் திறந்து மூடுகிறவருக்கு அது உவமையே கிடையாது. ‘கண்ணு மாதிரி இருக்கறதால கண்ணுன்னு சொல்றீங்களா?’ என்று கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். உவமை என்பது சொல் பிறந்த வழி. இன்றைய பொருள் அவருக்கு நேர்ப்பொருளே.

அப்படியானால் எதைத் தனிப் பொருளாக எண்ணுவது, எதை வெறும் பேச்சு அழகாக விடுவது? மூன்று சோதனைகள் போதும். முதலாவது, விழி என்று மாற்றிப் பார்ப்பது. ‘விழி கலங்கியது’ என்றால் சரி. ‘மதகின் மூன்றாவது விழி’ என்றால் சிரிப்பு வரும். விழி நுழையாத இடத்தில் கண் வேறு பொருளுக்குப் போய்விட்டது. இதை நீங்கள் மேசையில் உட்கார்ந்து செய்யுங்கள். ஊரில் யாரும் விழி என்று பேசுவதில்லை, அவர்களை அதில் இழுக்க வேண்டாம். இரண்டாவது, எண்ணிப் பார்ப்பது. உடம்புக் கண் இரண்டோடு நின்றுவிடும். தேங்காய்க்கு மூன்று, பாலத்துக்குப் பத்து, வலைக்குக் கணக்கே இல்லை.

மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் பலன் தருவது: எந்த வினையோடு சேர்கிறது என்று பார்ப்பது. உடம்புக் கண் கூசும், உறுத்தும், சிமிட்டும், கலங்கும். வலைக்கண் அறுந்துபோகும். ஊற்றுக்கண் திறக்கும், தூர்ந்துபோகும். கிணறு வெட்டுகிறவர்கள் ‘கண்ணு தெறந்துக்கிச்சி’ என்றால் அன்றைக்குக் கூலியோடு சாராயமும் உறுதி. இதே ‘திற’ மருத்துவமனையில் வரும்போது மயக்கம் தெளிந்தார் என்று பொருள். கோயிலில் வந்தால் சாமி இரங்கியது. சிற்பி சிலைக்குக் கண் திறப்பது வேறு சடங்கு. ‘வாத்தியார்தான் எனக்குக் கண்ணத் தெறந்துவுட்டாரு’ என்றால் படிப்பு. கல்விக்கு மூன்று ஊர்களையே எழுதிவைத்த பல்லவர் காலச் செப்பேடு பாகூரில்தான் கிடைத்தது. நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. பாகூர்க்காரர் யாராவது வாத்தியாரையும் கண்ணையும் சேர்த்துப் பேசினால் கொஞ்சம் கூடுதல் பெருமையோடு எழுதிக்கொள்ளலாம்.

வினையில் இன்னொரு நுணுக்கம். ‘அடை’ என்ற வினையைக் கவனியுங்கள். ‘கண்ணு அடச்சிக்கிச்சி’ என்றால் மதகு அடைப்பு. ‘கண்ண அடைக்குது’ என்றால் பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் நடவு நட்ட பெண், மதியம் வரப்பில் உட்கார்ந்து சொல்கிற சொல் இது. இரண்டு வாக்கியத்திலும் கண்ணும் அதே, வினையும் அதே. ஐகாரம் ஒன்று ஏறியதும் பொருள் ஏரியிலிருந்து வயிற்றுக்கு வந்துவிட்டது. அதனால்தான் சொல்லை மட்டும் குறிக்காமல் வாக்கியத்தை முழுசாக, உருபோடும் விகுதியோடும் எழுதுங்கள் என்று இந்த நூலில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

‘கண்ண மூடிட்டாரு’ என்பதைச் சாவு வீட்டில் கேட்டிருப்பீர்கள். அதைப் பதிவு செய்ய அந்த வீட்டுக்குப் போக வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்த வழக்கு, எங்கேயும் கிடைக்கும்.

கண் படுவது

இந்தப் பொருளுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். கண்ணு பட்டுடிச்சி, கண்ணு வெச்சிட்டாங்க, ஊர்க்கண்ணு, பொல்லாத கண்ணு, கொள்ளிக்கண்ணு, கண்ணு கழிக்கறது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்ற பழமொழி. உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது, வாசலில் படிகாரம் கட்டுவது, கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்கும் பூசணிக்காய்ப் பூதம். இவ்வளவும் தகவல் தருகிறவருக்குச் சொல் கிடையாது, பயம். கைக்குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் ‘கண்ணு படறதுன்னா என்னாக்கா?’ என்று கேட்டுக்கொண்டே குழந்தையைப் படம் எடுத்தால், நீங்கள் போன பிறகு முதலில் சுற்றிப் போடுவது உங்கள் கண்ணுக்காகத்தான். ஆயாக்களிடம் கேளுங்கள். அவர்கள் யார் கண் யார்மேல் பட்டு எந்த மாடு பால் வற்றியது என்பதுவரை சொல்வார்கள். அதில் அண்டை வீட்டுக்காரர் பெயர் வந்தால் நோட்டில் பெயரை எழுதாமல் விடுங்கள். சொல் தொகுக்கப் போய் ஊரில் சண்டை மூட்டிவிட்டு வரக்கூடாது.

‘கண் திருஷ்டி’ என்பது கேட்டுக் கதவு, நடு சென்டர் ரகம். திருஷ்டி என்றாலே வடமொழியில் பார்வைதான். ஊரார் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே குறியுங்கள்.

கண்ணைப் போல் தோன்றும் பொய்க்கண்கள்

கன்று பற்றிச் சொன்னேன். இன்னும் சில இருக்கின்றன. கண்ணாலம் என்பது கல்யாணத்தின் திரிபு, கண்ணுக்கு அதில் பங்கில்லை. கடலூர்ச் சாலையில் உள்ள கன்னியக்கோவிலைச் சிலர் ண போட்டு எழுதுவார்கள், அது கன்னி. வில்லியனூரைத் தாண்டினால் வருகிற கண்டமங்கலத்தைக் கண்ணோடு முடிச்சுப் போட வேண்டாம். கண்ணாடி மட்டும் உண்மையான உறவுக்காரன். கண் என்பதோடு, பழைய தமிழில் பளிங்கைக் குறித்த ஆடி சேர்ந்தது. தோட்டத் தொழிலாளரை மேய்த்த கங்காணியும் உறவுதான், கண்காணி என்பதன் மரூஉ.

பாடப்புத்தகத்துக் ‘கண்’ வேறு ரகம். ஏழாம் வேற்றுமை உருபாகிய கண், ‘அவன்கண்’, ‘இதன்கண்’ என்று வருவது. கல்வெட்டிலும் இலக்கியத்திலும் உண்டு, பேச்சில் இன்று இல்லை. தொகுப்பில் சேர்க்க வேண்டாம். தமிழாசிரியர் யாராவது ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், இது ஊர்ப்பேச்சுத் தொகுப்பு என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிற மொழிக்காரர் கண்

தொகுத்து முடித்ததும் ஒரு மயக்கம் வரும்: ‘தண்ணீர் வரும் இடத்தைக் கண் என்று சொன்ன தமிழனின் கற்பனை உலகில் எவனுக்கும் வராது.’ முன்னுரையில் இப்படி எழுதுவதற்குமுன் ஸ்பானிய மொழிக்காரர்களை எட்டிப் பாருங்கள்.

ஸ்பானியத்தில் கண்ணுக்குச் சொல், நம் எழுத்தில் எழுதினால் ‘ஓஹோ’. சிரிக்காமல் மேலே படியுங்கள். ஓஹோ என்பது உடம்புக் கண். சமவெளியில் தானாகப் பொங்கும் ஊற்றும் ஓஹோ. பாலத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே தண்ணீர் போகிற இடமும் ஓஹோ, பத்துக்கண்ணுக்கு அங்கே மொழிபெயர்ப்பே தேவைப்படாது. மயில்தோகையின் வட்டம் ஓஹோ, மீன்வலையின் கண் ஓஹோ, ரொட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் இருக்கிற துளை ஓஹோ. கண்ணேறு அவர்களுக்கும் உண்டு, அதையும் ‘கண்ணின் தீங்கு’ என்றுதான் சொல்கிறார்கள். சிலி–அர்ஜென்டினா எல்லையில் 6,893 மீட்டர் உயரத்தில் நிற்கும் எரிமலையின் பெயர் ஓஹோஸ் தெல் சலாதோ, ஏறக்குறைய ‘உப்பாற்றுக் கண்கள்’. அரபியில் ஐன் என்றால் கண், ஊற்றும் ஐன்தான். வளைகுடா வேலைக்குப் போனவர்கள் வீட்டில் அல் ஐன் என்ற நகரத்தின் பெயர் தெரியாமல் இருக்காது.

பார்க்கிற உறுப்பும் தண்ணீர் கசிகிற துளையும் எங்கே வாழ்கிற மனிதருக்கும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கின்றன. இதில் நமக்குக் குறைவும் இல்லை, தனிச்சிறப்பும் இல்லை. தனிச்சிறப்பு வேறுபாட்டில்தான் இருக்கும், அங்கே கவனம் வையுங்கள். ஊசியில் நூல் கோக்கும் துளை ஸ்பானியருக்குக் கண், ஆங்கிலேயருக்கும் கண். தமிழருக்கு அது காது. பட்டினத்தாரைத் துறவியாக்கிய ஊசிக்கும் இல்லாமல் போனது காதுதான். பிரெஞ்சுக்காரர்கள் சுத்தியலில் காம்பு நுழைகிற துளையைக் கண் என்பார்கள், ஊசித்துளைக்கு மட்டும் ‘ஷா’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்பானியர் ‘ஓஹோ!’ என்று தனியாகச் சொன்னால் ‘ஜாக்கிரதை!’ என்று பொருள். நாம் ‘கண்ணு!’ என்று தனியாகச் சொன்னால் ஒரு குழந்தை திரும்பிப் பார்க்கும். ஒரே உறுப்பு அவர்களுக்கு எச்சரிக்கை ஆகியிருக்கிறது, நமக்குச் செல்லம் ஆகியிருக்கிறது. முன்னுரையில் எழுத வேண்டியது இந்த மாதிரிச் செய்தியைத்தான்.

பதிவை எழுதுவது

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள். மேலே சொல்லும் அதன் பேச்சுவடிவமும். அடுத்து பொருள், உங்கள் நடையில், சுருக்கமாக. அடுத்து கேட்ட வாக்கியம், ஒலித்தபடியே. கீழே ஊர், கொம்யூன், சொன்னவரின் வயது, தொழில், ஆணா பெண்ணா, எந்த மாதத்தில் கேட்டது. பெயர் வேண்டாம், அவர் விரும்பினால் மட்டும் நன்றியுரையில் போடலாம். மாதிரிக்கு ஒன்று:

கண் (பேச்சில்: கண்ணு). மதகில் அல்லது பாலத்தில் தண்ணீர் வெளியேறும் திறப்பு ஒவ்வொன்றும். எண்ணோடு வரும்: மூணு கண்ணு மதகு. சேரும் வினைகள்: திற, மூடு, அடைத்துக்கொள். ‘மூணாவது கண்ணு அடச்சிக்கிச்சி.’ ஒப்பிடுக: மடை, மதகு, கலங்கல்.

கொம்யூன் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1880 ஆணையால் ஏற்பட்ட இந்தப் பிரிவுகள் நிலத்தில் ஒட்டுத்துணி மாதிரிதான் கிடக்கின்றன. ஒரு தெரு பாகூர், அடுத்த ஏரிக்கரை கடலூர் மாவட்டம். வில்லியனூரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம். பேச்சு இந்த எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. ஆனால் அலுவலகச் சொற்கள் நிற்கும். எல்லையின் இரு பக்கமும் ஒரே சொல்லைக் கேட்டுப் பதிவு செய்தால், எது பேச்சு, எது அரசாங்கம் கொண்டுவந்தது என்று பின்னால் பிரித்துவிடலாம்.

தாள்களை அடுக்கும்போது உடம்புக் கண்ணை முதலில் வையுங்கள், படிப்பவருக்கு வசதி. அதற்கடுத்து எது என்பதை உங்கள் தாள்களின் எண்ணிக்கை முடிவு செய்யட்டும். பாகூரில் மதகுக் கண்ணும் பனித்திட்டில் வலைக்கண்ணும் இரண்டாம் இடத்துக்கு வந்தால் இரண்டையும் அப்படியே விடுங்கள். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே வரிசையை மேசையிலிருந்து திணிப்பது அகராதிக்காரர்களின் பழைய கெட்ட பழக்கம்.

பயிற்சி: அடுத்த மாதத்துக்கு ‘வாய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால், கால்வாய், வாய்த்தகராறு, வாய்க்கரிசி, வாயில்லாப் பிராணி என்று நாமே மேசையில் உட்கார்ந்து எழுதக்கூடியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி ஓரமாக வைத்துவிடுங்கள். நோட்டில் ஏற வேண்டியவை, அந்தத் தாளில் இல்லாதவை மட்டும்.